பரிசோதகர் வருமுன்னே

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் தொழில்முயற்சி உபகுழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பேசுவதற்கு எத்தனையோ இனிய விடயங்கள் உண்டு. விடுதி வாழ்க்கையும் விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் இந்த மலரின் மற்றப் பக்கங்களை நிறைக்கப் போகின்றன. நாங்களோ லேபலைப் பற்றியும் அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். காரணம் எளிமையானது. இந்தப் பாடசாலையில் படித்து வெளியேறியவர்களில் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இருப்பதைப் போலவே, வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, மோர்மிளகாய், எள்ளுருண்டை, மிக்சர், பருத்தித்துறை வடை என்று செய்து விற்பவர்கள் அவர்கள். அவர்களின் பெயர் பரிசுப் பலகையில் இல்லை. ஆயினும் சங்கத்துக்குச் சந்தா தவறாமல் கட்டுகிறார்கள்.

எங்கள் உபகுழுவில் இருப்பவர்களும் இரு பக்கத்தவர்களே. சிலர் பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி மன்றத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள். சிலர் அதே கந்தோர்களின் வாசலில் படிவத்தோடு காத்து நின்றவர்கள். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள், பின்னர் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இங்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் விரும்பவில்லை. அரச அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் ஒரு சிறு முயற்சியாளருக்கு என்ன நடக்கும், பேசாவிட்டால் என்ன நடக்கும் என்பதையே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் 'சிறு' என்றால் எவ்வளவு சிறிது என்று பார்ப்போம். இலங்கையின் சிறிய, நடுத்தரத் தொழில்முயற்சிகளுக்கான தேசியக் கொள்கைச் சட்டகம், உற்பத்தித் துறையில் பத்துப் பேர் வரை வேலை செய்யும், வருடப் புரள்வு 15 மில்லியன் ரூபாவுக்கு மேற்படாத முயற்சியை நுண் தொழில்முயற்சி என்கிறது. எமது தோழியர் பலரின் தொழிலில் வேலை செய்வது தாயும் மகளும் மட்டுமே. ஆனால் சட்டத்தின் வாசலில் அந்தத் தாயும் மகளும் பெரிய கொம்பனி கடக்கும் படிகளில் பலவற்றைக் கடக்க வேண்டும். கொம்பனிக்கு அதைப் பார்ப்பதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியும். இவர்களுக்கு அடுப்பில் சட்டி இருக்கிறது.

மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்து விற்கத் தொடங்கும் ஒருவரின் வழியைப் பாருங்கள். வியாபாரப் பெயரைப் பதிவுசெய்யப் பிரதேச செயலகம். வியாபார அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச சபை அல்லது நகர சபை. சொந்தமாக ஆலை வைத்தால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும். 2008ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் கைத்தொழில்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. மூன்றாவது பட்டியலிலுள்ள சிறு தொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றமே அந்தப் பத்திரத்தை வழங்குகிறது. இடத்தின் சுத்தத்தைப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். தராசுக்கு வருடந்தோறும் முத்திரை குத்த வேண்டும். சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்த வேண்டும். சுப்பர் மார்க்கற்றில் வைக்க ஆசைப்பட்டால் அங்கே கேட்கும் தரச்சான்றிதழ்கள் வேறு.

இவற்றில் தேவையற்றது எது என்று கேட்டால் எங்களால் ஒன்றையும் காட்ட முடியாது. நன்றாகக் காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைப் பாதிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முற்றாகப் போகாது. அந்தத் தூளைச் சாப்பிடப் போவது எங்கள் பிள்ளைகள். தராசு குறைந்தால் ஏமாறுவது அயல் வீட்டுக்காரி. சேமலாப நிதி கட்டாவிட்டால் முதுமையில் வெறுங்கையோடு நிற்பது எங்களிடம் வேலை செய்த பிள்ளை. ஆகவே சட்டத்தைத் தளர்த்துங்கள் என்பது எமது கோரிக்கை அல்ல. சட்டம் தெரிந்த பின்னர் முதலீடு செய்வதற்கு வழி வேண்டும் என்கிறோம். இன்று பலருக்கு நடப்பது முதலீடு செய்த பின்னர் சட்டம் தெரிய வருவது.

இதை ஒரு பைக்கற்று லேபல் நன்றாக விளக்கும். 100 கிராம் மிளகாய்த்தூள் பைக்கற்றின் மேல் உள்ளங்கையளவு ஒரு கடதாசி. அதிலே பொருளின் பெயர், சேர்மானங்கள், உற்பத்தியாளரின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளுக்கமையப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். உயர்ந்தபட்ச சில்லறை விலையை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தியோகத்தர் பார்ப்பார். தேறிய நிறையை, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் பார்க்கும். ஒரு லேபலுக்கு மூன்று சட்டங்கள். மூவரும் மூன்று வேறு நாட்களில், மூன்று வேறு கந்தோர்களிலிருந்து வருகிறார்கள்.

எமது உறுப்பினர் ஒருவர் கைக்காசைப் போட்டு அழகான லேபல் அச்சிட்டார். முதலில் வந்த உத்தியோகத்தர் தொகுதி இலக்கம் இல்லை என்றார். அச்சடித்தது முழுவதையும் ஒதுக்கிவிட்டு, இரண்டாவது முறை அச்சிட்டார். சில மாதங்களின் பின் இன்னொரு கந்தோரிலிருந்து வந்தவர் விலை குறிக்கப்பட்ட விதம் சரியில்லை என்றார். இருவர் சொன்னதும் சரி. இருவரும் பண்பாகவே பேசினார்கள். ஆனால் இருவரும் முதல் நாளே ஒரு மேசையில் இருந்து அந்த மாதிரி லேபலைப் பார்த்திருந்தால், அந்தக் குடும்பத்தின் மூன்று மாத இலாபம் அச்சகத்தின் பின்புறத்தில் கழிவுக் கடதாசியாகக் கிடந்திராது.

இப்படி ஓரிரு முறை அடிபட்டவர் என்ன செய்கிறார்? பதிவை விட்டுவிடுகிறார். லேபல் இல்லாமல் வெறும் பையில் கட்டித் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கிறார். பதிவு இல்லாததால் வங்கிக் கடன் எட்டாது. சுப்பர் மார்க்கற் எட்டாது. ஏற்றுமதியைப் பற்றி நினைக்கவே முடியாது. அந்த இடைவெளியில் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கிலோ கணக்கில் குறைந்த விலைக்கு வாங்கி, தன் பெயருள்ள லேபலை ஒட்டி விற்கிறார். கைப்பக்குவம் எங்கள் தோழியினது, பெயரும் இலாபமும் வேறொருவருக்கு. விதிகள் விளங்காமையின் உண்மையான விலை இதுதான். தண்டப்பணம் இதற்குப் பக்கத்திலே சிறிய தொகை.

உதவி செய்யும் நிறுவனங்கள் எம் நாட்டில் இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. 1969ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கைத்தொழில் அபிவிருத்திச் சபை, 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச மட்டத்தில் விதாதா வள நிலையங்கள், பனம் பொருட்களுக்கு 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை, ஏற்றுமதிக்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபை. பயிற்சி தருகிறார்கள், கண்காட்சிக்கு அழைக்கிறார்கள், இயந்திரம் வாங்க வழிகாட்டுகிறார்கள். ஆனால் கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒரு வழி, பரிசோதிக்கும் நிறுவனம் இன்னொரு வழி. மிக்சர் செய்யும் பயிற்சி நெறியின் கடைசி நாளில் சான்றிதழும் குழுப்படமும் உண்டு. அந்த மிக்சரைப் பரிசோதிக்கப் போகும் உத்தியோகத்தர் பெரும்பாலும் அந்த மண்டபத்தில் இல்லை. அவரையும் ஒரு மணித்தியாலம் அழைத்து வைத்திருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எமது தோழியரிடம் விசாரித்தோம். இரண்டு விடயங்கள் எங்கள் மனதில் நின்றன.

முதலாவது பிரித்தானியாவில் உள்ள ஏற்பாடு. அங்கே உணவுச் சுகாதாரமும் நிறை அளவையும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருப்பவை. முன்பு ஒரு மன்றம் சரி என்றதை இன்னொரு மன்றம் பிழை என்று சொல்லக்கூடிய நிலை இருந்தது. 2008ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ், 2009 ஏப்ரல் முதல், ஒரு வியாபாரம் ஏதாவது ஒரு மன்றத்தோடு சட்டபூர்வமான கூட்டு ஏற்படுத்திக்கொள்ளலாம். 'பிறைமரி ஒதோரிட்டி', அதாவது முதன்மை அதிகாரி என்று அதற்குப் பெயர். அந்த மன்றம் எழுத்தில் கொடுக்கும் ஆலோசனையை மற்ற மன்றங்கள் மதிக்க வேண்டும். நடவடிக்கை எடுக்க நினைக்கும் மன்றம் முதலில் இந்த மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 2017 ஒக்டோபர் முதல் இது மிகச் சிறிய கடைகளுக்கும், இன்னும் தொழில் தொடங்காதவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தனித்தனியாகக் கூட்டுச் சேர வசதியில்லாதவர்கள் தமது வியாபாரச் சங்கத்தின் ஊடாகச் சேர்ந்துகொள்ளலாம். ஆலோசனை இலவசம் அல்ல, மன்றம் தன் செலவை அறவிடலாம். ஆனால் சங்கமாகச் சேரும்போது அந்தச் செலவு பலருக்கிடையே பிரிகிறது. சங்கம் என்ற சொல்லைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம். சிறு வியாபாரங்கள் பலவற்றைக் கணிசமாகப் பாதிக்கும் விதியை ஓர் அரச நிறுவனம் கொண்டுவந்தால், அதே நிறுவனம் அந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்று சாதாரண மொழியில் ஒரு வழிகாட்டியும் எழுதி வெளியிட வேண்டும். பின்னர் ஒரு சிறு வியாபாரிக்குத் தண்டம் விதிக்கும்போது, அந்தத் தண்டம் நியாயமானதா என்று பார்க்க வழிகாட்டியில் என்ன எழுதியிருந்தது என்பதையும் கவனத்தில் எடுக்கலாம். விதி செய்தவரே விளக்கமும் சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு எளிய நீதி! எங்கள் ஆசிரியைமார் பாடம் சொல்லித் தந்த பிறகுதான் சோதனை வைத்தார்கள்.

இந்த இரண்டையும் அப்படியே இங்கு கொண்டுவரச் சட்டம் இயற்ற வேண்டும். அது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் சட்டம் இல்லாமலே இங்கு செய்யக்கூடியவை உண்டு.

நடமாடும் சேவை எல்லோருக்கும் பழக்கமானது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி விடயம் என்று பல திணைக்களங்கள் ஒரே நாளில் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு வருகின்றன. அதே வடிவத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிரதேச செயலகத்தில் சிறு முயற்சியாளருக்கென ஒரு நாள் ஒதுக்கும்படி கேட்கலாம். பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, நுகர்வோர் அதிகார சபை, அளவீட்டுத் திணைக்களம், கைத்தொழில் அபிவிருத்திச் சபை ஆகியன ஒரே மண்டபத்தில் இருக்கட்டும். முயற்சியாளர் அச்சிடாத லேபலின் மாதிரியையும், கட்டாத குசினியின் வரைபடத்தையும் கொண்டுவரட்டும். ஒவ்வொருவரும் தம் பங்கைப் பார்த்து, என்ன திருத்த வேண்டும் என்று ஒரே தாளில் எழுதித் திகதியிட்டுக் கையொப்பமிடட்டும். அந்தத் தாள் அனுமதிப்பத்திரம் ஆகாது. ஆனால் அடுத்து வரும் உத்தியோகத்தருக்கு முன்னையவர் என்ன சொன்னார் என்று காட்டும்.

ஒரு கேள்வி எழுவது நியாயம். கற்றுக்கொடுப்பவரே பரிசோதிப்பவராகவும் இருந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு வராதா? இதை எங்கள் உபகுழுவில் நீண்ட நேரம் விவாதித்தோம். வரக்கூடும். அதனால்தான் ஆலோசனை வாய்மொழியாக இருக்கக்கூடாது என்று சொல்கிறோம். வாய்மொழிச் சொல் ஆளுக்கு ஆள் மாறும், இடமாற்றம் வந்தால் அதுவும் கூடவே போய்விடும். எழுத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னது நிலைக்கும். அது முயற்சியாளரைக் காப்பதைப் போலவே நேர்மையான உத்தியோகத்தரையும் காக்கும்.

இன்னொரு கேள்வி: உத்தியோகத்தருக்கு நேரம் எங்கே? டெங்கு, பாடசாலைச் சுகாதாரம், உணவுக் கடைகள் என்று ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஓடும் ஓட்டத்தை அறிந்தவர்கள் நாங்கள். ஆயினும் இருபது பேருக்கு ஒரே நாளில் சொல்லிக்கொடுப்பது, இருபது வீடுகளுக்குத் தனித்தனியே போய்ப் பிழை பிடிப்பதிலும் குறைந்த வேலைதான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசியலமைப்பின்படி எமது கடிதங்களையும் விண்ணப்பங்களையும் தமிழில் கொடுக்கவும், தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. ஆனால் தொழில்நுட்பத் தரக்கட்டளை ஒன்றைத் தமிழில் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு தொழிலுக்கு எந்தெந்த அனுமதி வேண்டும், கட்டணம் எவ்வளவு, எந்த விதியின்படி என்று எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். ஒருவர் கேட்டுப் பெற்ற பதில் நூறு பேருக்கு உதவும். அதை வட்ஸ்அப் குழுவில் போட்டால் செலவும் இல்லை.

இனி, சங்கமாக நாம் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களான எம் அக்காமாரிடம் முதற் கோரிக்கை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் பாடசாலை நூலகத்துக்கு வாருங்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பதல்ல வேலை. எந்தப் படிவம் எந்தக் கந்தோருக்கு, எந்த ஒழுங்கில் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். நீங்கள் முப்பது வருடம் சேர்த்த அறிவு ஓய்வூதியத்தோடு வீட்டில் முடங்கக்கூடாது.

புலம்பெயர்ந்த தோழியரிடம் இரண்டாவது கோரிக்கை. நீங்கள் வாழும் நாட்டின் விதிகளை எங்களுக்கு அனுப்புங்கள். பிரித்தானியாவில் 2021 ஒக்டோபர் 1 முதல், செய்த இடத்திலேயே பொதி செய்து விற்கும் உணவிலும் சேர்மானங்கள் முழுவதையும் எழுதி, ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும். அந்தப் பதினான்கில் எள்ளும் கடுகும் கச்சானும் உண்டு. எங்கள் பலகாரத் தட்டில் இந்த மூன்றும் இல்லாத நாள் ஏது? கனடாவுக்குப் போகும் பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் வேண்டும். கடையில் வாங்கிய ஒரு பைக்கற்றின் லேபலைப் படம்பிடித்து அனுப்பினாலே இங்கிருப்பவருக்கு அது ஒரு பாடப்புத்தகம். நன்கொடை அனுப்பும் கைகள் இதையும் அனுப்பட்டும்.

மூன்றாவது, இன்று சீருடையில் இருக்கும் தங்கைமாருக்கு. மனைப்பொருளியல் பாடத்தில் போத்தலைக் கொதிநீரில் அவித்து, ஜாம் நிரப்பி, திகதி எழுதி ஒட்டக் கற்றோமே, அதுதான் உணவுச் சட்டத்தின் முதற் பாடம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பைக்கற்றின் லேபலையும் வாசியுங்கள். குளிர்பானப் போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் இருக்கும். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் செம்மஞ்சள். 2016இல் வந்த விதி அது. நாளை நீங்கள் நெல்லிரசம் செய்து விற்றாலும், சுகாதாரத் திணைக்களத்தில் அமர்ந்தாலும் அந்த வட்டத்தின் பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த மேடையிலிருந்தே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். சிறு முயற்சியாளருக்கான அந்த ஒரு நாளை ஒழுங்குசெய்து தரும்படி கேட்டு, மாவட்டச் செயலாளருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். மண்டபம் பாடசாலையினது, தேநீர் சங்கத்தினது. கடிதம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. போகும்போது வாசித்து, உடன்பாடு என்றால் கையொப்பமிடுங்கள். மேசைக்கு எந்தப் பக்கத்தில் அமர்ந்தவராயினும் உங்கள் கையொப்பம் எங்களுக்கு வேண்டும். கடல் கடந்து இந்த மலரை வாசிக்கும் தோழியர், சம்மதத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள்.